ஒரே பாத்திரம்: தமிழ்ச் சபைகளின் முந்நூறு ஆண்டு வழக்கு

இளைஞர் முகாம்களிலும் கல்லூரி வாசகர் வட்டங்களிலும் கிறித்தவ மாணவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இன்றைக்கு இருக்கிற சூழலில் நம்முடைய விசுவாசத்தைப் பொதுவெளியில் எப்படி வாழ்வது?" கேட்கிற பிள்ளைகளின் மனத்தில் இருப்பது மதமாற்றத் தடைச் சட்டம், கிறிஸ்துமஸ் சமயத்தில் நடக்கும் கலாட்டாக்கள், ஏதோ ஒரு படத்தில் பாதிரியாரைக் காட்டிய விதம், பொட்டு வைக்கலாமா, பொங்கல் கொண்டாடலாமா என்பவை. இவை எதையும் சின்ன விஷயம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி முந்நூறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவருகிறது. ஒவ்வொரு முறையும் அது வந்து முட்டி நின்ற இடம் நற்கருணைப் பாத்திரம்தான். யார் வாய் வைத்த பாத்திரத்தில் யார் வாய் வைப்பது?

இந்த வரலாற்றைச் சபை விழா மலர்களில் படிக்க முடியாது. அங்கே 1706-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்து இறங்குவார், அச்சுக்கூடம் வரும், 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு வரும், 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் எழும். எல்லாம் உண்மைதான். அந்த ஆலயத்துக்குள் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பது மட்டும் மலரில் இருக்காது. வேளாளர் முதலானோர் ஒரு புறம், பறையர் ஒரு புறம். நடுவில் இடைவெளி.

நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மனிதர் ராஜநாயக்கன். பறையர் சமூகத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சை மன்னரின் படையில் வேலை பார்த்தவர். தரங்கம்பாடியில் அச்சான வேதப் புத்தகம் எப்படியோ அவர் கைக்கு வந்து சேர்கிறது. ஒரு படைவீரன் அதை உட்கார்ந்து படிக்கிறார். படித்ததும் அச்சிட்டவர்களைத் தேடிப் போகிறார். 1720களின் இறுதியில் லுத்தரன் சபையில் சேர்ந்து உபதேசியார் ஆகிறார். ஐரோப்பிய மிஷனரிகள் காலெடுத்து வைக்க முடியாத தஞ்சை நாட்டுக்குள் சபைகளைக் கட்டியவர்களில் முக்கியமானவர் இவர். தன் சொந்தக் கத்தோலிக்க உறவுகளின் பகையையும் அதற்காகச் சம்பாதித்துக்கொண்டார்.

1733-இல் மிஷன் தன் முதல் இந்திய ஆயருக்குக் குருப்பட்டம் கொடுத்தது. அவர் ஆரோன், வேளாளர். அடுத்த குருப்பட்டத்துக்கு ஆள் தேடியபோது ராஜநாயக்கன் பெயர் பேசப்பட்டது. உழைப்பிலோ அறிவிலோ குறை என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பறையரின் கையிலிருந்து மேல்சாதிக் கிறித்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் அந்தச் சடங்கின் மேல் அவர்களுக்குள்ள மரியாதை குறைந்துவிடும் என்பது மிஷனரிகளின் தயக்கம். 1741-இல் பட்டம் தியாகு என்பவருக்குப் போயிற்று. ராஜநாயக்கன் 1771-இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்த மிஷனரிகள் சாதியை நம்பியவர்கள் அல்லர். தனிப்பட்ட முறையில் ராஜநாயக்கன்மேல் மதிப்பு வைத்திருந்தவர்கள். தங்கள் நம்பிக்கையைப் பொதுவில் செயலாக்கினால் சபை உடைந்துபோகும் என்று பயந்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கான விலையைக் கொடுத்தவர் அவர்கள் அல்லர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஒருவர் கொடுத்தார். இன்றைக்கும் பேராயங்களில் பொறுப்புகள் பங்கிடப்படும்போது "இப்போதைக்கு வேண்டாம், பிரச்சினையாகும்" என்ற வார்த்தையைக் கேட்டால் எங்களுக்கு ராஜநாயக்கன் ஞாபகம்தான் வருகிறது.

பயத்துக்கு ஒரு கோட்பாடும் தேவைப்பட்டது. அது ஏற்கெனவே தயாராக இருந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, பூணூலும் குடுமியும் சமயச் சின்னங்கள் அல்ல, சமூகத் தகுதியைக் காட்டும் அடையாளங்கள் என்று வாதிட்டார். 1623-இல் ரோம் அதை ஏற்றுக்கொண்டது. நோபிலி தமிழுக்குச் செய்ததை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்த வாதம் எங்கே கொண்டுபோய் விட்டது? 1640 முதல் மதுரை மிஷனில் மேல்சாதியாருக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்குப் 'பண்டாரசுவாமி' என்று இன்னொரு வகைச் சாமியார். ஒரே கடவுள், ஒரே மறை, தனித்தனிக் குருமார். சாதியைப் 'பண்பாடு' என்ற பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் விசுவாசம் அதைத் தொட வேண்டியதில்லை. விக்கிரகத்துக்கு விழுந்து கும்பிட்டால் பாவம், பக்கத்தில் இருப்பவனைத் தள்ளி உட்காரச் சொன்னால் அது பண்பாடு. இந்த ஏற்பாட்டில் மேல்சாதிக் கிறித்தவருக்கு மதம் மாறுவது சுலபமாயிற்று. நம்மவர்களுக்கு மாறியும் மாறாததாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பூட்டை உடைக்கும் முயற்சி வந்தது. கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் ஹீபர் 1826-இல் தெற்கே வந்தபோது சாதியை மென்மையாகவே பார்த்தார். ஐரோப்பாவிலும் உயர்ந்தோர் தாழ்ந்தோர் உண்டே என்ற போக்கில். அந்தப் பயணத்திலேயே திருச்சியில் இறந்துபோனார். பின்னாளில் அதே பதவிக்கு வந்த டேனியல் வில்சன் வேறு மாதிரியான ஆள். 1833-இல் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சாதி வேற்றுமை முழுமையாக, உடனடியாக, நிரந்தரமாக விடப்பட வேண்டும். ஆலயத்தில் தனி இருக்கை கூடாது. பந்திக்கு வருவதிலும் பாத்திரத்தில் பருகுவதிலும் வேறுபாடு கூடாது.

சுற்றறிக்கை வாசிக்கப்பட்டதும் சென்னை வேப்பேரியில் வேளாளக் கிறித்தவர்கள் திரளாக வெளியேறினார்கள். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் அதே கதை. மேல்சாதி உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களும் வேலை போனாலும் பரவாயில்லை என்று விலகினார்கள். கவனியுங்கள், அவர்களும் தங்கள் நம்பிக்கைக்காக விலை கொடுத்தவர்கள்தான். சம்பளத்தை விட்டார்கள், ஆலயத்தை விட்டார்கள். சாதியை விடவில்லை. தஞ்சைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார், இன்றைக்கும் எல்லாச் சபைகளிலும் பாடப்படுகிற கீர்த்தனைகளை எழுதியவர், சுற்றறிக்கைக்குச் சில ஆண்டுகள் முன்பே, 1829-இல், புதிய மிஷனரிகள் சாதியில் கைவைப்பதைக் கண்டித்து எழுதியிருக்கிறார். அவர் பாட்டில் உருகுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வருகிறது. பாட்டைப் பாட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எழுதியவர் பறையரோடு ஒரே பந்தியில் சமமாக உட்கார மறுத்தவர்கள் பக்கம் நின்றவர் என்பதும் வரலாறு என்கிறோம்.

வெளியேறியவர்கள் கேட்ட ஒரு கேள்வி நியாயமானது. வெள்ளைக்காரர்கள் மட்டும் எங்களோடு ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்களா, பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்களா? இல்லை. அவர்களுக்கெனத் தனி ஆலயங்கள், தனி ஆராதனை, தனி வீதிகள் இருந்தன. அந்த வகையில் வில்சனின் சுற்றறிக்கையை ஒரு வெள்ளை வீரனின் கதையாகச் சொல்வதில் எங்களுக்கு விருப்பமில்லை. எஜமானனின் இரட்டை வேடத்தை அம்பலப்படுத்திவிட்டுத் தன் இரட்டை வேடத்தைக் காப்பாற்றிக்கொள்வது மேல்சாதி அரசியலின் பழைய உத்தி, அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பிறகு நடந்ததுதான் இன்னும் முக்கியம். வெளியேறியவர்கள் தெருவில் நிற்கவில்லை. 1840-இல் ஜெர்மனியிலிருந்து லைப்சிக் மிஷனின் முன்னோடிகள் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். அவர்களுடைய நிலைப்பாடு: சாதி ஓர் உலகியல் ஏற்பாடு, சுவிசேஷம் மெல்ல மெல்ல அதைக் கரைக்கும், அவசரப்படக் கூடாது. ஆங்கிலிக்கன் சபையை விட்ட மேல்சாதியினர் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மற்ற மிஷன்கள் 1850-இல் சென்னையில் கூடி, சாதியைக் கைவிட்டதற்குச் சாட்சியாகப் பறையர் சமைத்ததை எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற அளவுக்குப் பேசின. 'அன்பின் விருந்து' என்ற பெயரில் அப்படிப்பட்ட பந்திகள் நடந்தன. ஒரு சபை நிபந்தனை போட்டால் பக்கத்துச் சபை கதவைத் திறந்து வைத்திருந்தது. எண்ணிக்கைக்கான போட்டியில் கொள்கை எப்போதும் கொஞ்சம் தள்ளுபடி விலைக்குத்தான் போகும். இன்று ஒரு பங்கில் ஆயர் துணிந்து ஒரு நடவடிக்கை எடுத்தால், "நாங்கள் வேறு சபைக்குப் போய்விடுவோம், பழைய மதத்துக்கே திரும்பிவிடுவோம்" என்ற மிரட்டல் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறதா?

இந்தக் களேபரத்தில் ஆவணங்கள் அதிகம் பேசாத ஒரு கூட்டம் இருக்கிறது. வெளியேறாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தவர்கள். பெரும்பாலும் பறையர்கள். ஒரே பாத்திரம் என்று முடிவானபோது அந்தப் பாத்திரத்தை நோக்கி எழுந்து நடந்தார்களே, அந்த நடை ஒரு பொதுச் சாட்சி. மறுநாள் காலை அதே வேளாளரின் வயலுக்குத்தான் கூலிக்குப் போக வேண்டும் என்று தெரிந்தே நடந்தார்கள். மிஷனரிகளின் கடிதங்களில் வெளியேறியவர்களின் எண்ணிக்கை இருக்கிறது, வாதங்கள் இருக்கின்றன. எழுந்து நடந்தவர்களின் பெயர்களைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆய்வு மாணவர்கள் யாராவது இதைக் கையிலெடுத்தால் நல்லது.

வடக்கன்குளத்தை வேகமாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவோம், பலருக்கும் தெரிந்த கதை. 1872-இல் அங்கே எழுந்த ஆலயத்துக்கு இரண்டு கால்கள், பீடத்தில் சேரும் கால்சட்டை மாதிரி. ஒரு காலில் வேளாளர், இன்னொன்றில் நாடார். 1910-ஐ ஒட்டித் தடுப்பு இடிக்கப்பட்டது. வேளாளர் வழக்குப் போட்டார்கள். ஆலயத்துக்குள் சாதி உரிமை கோர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சண்டையின் இரு தரப்பிலும் தலித்துகள் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆலயத்துக்கு வெளியே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1880களின் இறுதியில் செங்கல்பட்டு மாவட்டத்துப் பறையர்கள் மிஷனரிகளைத் தேடி வந்தார்கள். பாவமன்னிப்பைப் பற்றி மட்டும் கேட்க வரவில்லை. நிலம் கேட்டு வந்தார்கள். தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் மிராசுதாருக்கே முதல் உரிமை. குடியிருக்கும் சேரி மனைகூட மிராசுதாரின் தயவு. எதிர்த்துப் பேசினால் அன்றே வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி ஆகியோர் இதை எழுதினார்கள், அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். 1891-இல் கலெக்டர் டிரமென்ஹீர் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை குறித்துத் தன் அறிக்கையைக் கொடுத்தார். 1892 செப்டம்பர் 30-இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

அப்போது மிராசுதார் தரப்பு சொன்னது என்ன தெரியுமா? இது நிலப் பிரச்சினையே இல்லை, பாதிரிகள் மதம் மாற்றச் செய்யும் தந்திரம். 2002-இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டபோது (2004-இல் அது திரும்பப் பெறப்பட்டது) கேட்ட பேச்சும் இதே பேச்சுதான். சேரிக்காரன் தானாக யோசித்து எதையும் செய்ய மாட்டான், யாரோ ஆசை காட்டியிருக்க வேண்டும்! செங்கல்பட்டில் யார் யாரைத் தேடி வந்தார்கள் என்பதைத்தான் மேலே சொன்னோம். 1994 அக்டோபர் 10-இல் காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான இருவரின் பெயர் ஜான் தாமஸ், ஏழுமலை. நிலம் கேட்கப் போனபோது அவர்களுக்குள் இந்து, கிறித்தவர் என்ற பிரிவினை தேவைப்படவில்லை.

அந்தப் பிரிவினையைச் சட்டம் கொண்டுவந்தது. 1950-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த அட்டவணைச் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத எவரும் அட்டவணைச் சாதியினர் ஆகமாட்டார் என்கிறது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் இஸ்லாமியரும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் தலித் கிறித்தவருக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். தனித்தொகுதியில் நிற்க முடியாது, எஸ்.சி. இட ஒதுக்கீடு கிடையாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கப் போனால் ஸ்டேஷனிலேயே முதல் கேள்வி "நீ சர்ச்சுக்குப் போறவனா?"

நாங்கள் வேலை செய்யும் ஊர்களில் இரண்டு பெயர் உள்ளவர்கள் ஏராளம். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று, பள்ளி மாற்றுச் சான்றிதழில் ஒன்று. வீட்டில் கூப்பிடுவது ஒன்று, தாசில்தார் அலுவலகத்தில் எழுந்து நிற்பது இன்னொன்றுக்கு. வி.ஏ.ஓ. விசாரிக்க வருகிறார் என்று தெரிந்தால் சுவரிலிருக்கும் இயேசு படம் பீரோவுக்குள் போகிறது. இவர்களைப் பார்த்து, "விசுவாசத்தை வெளிப்படையாக வாழ வேண்டாமா?" என்று பிரசங்கபீடத்திலிருந்து கேட்கிறார்கள். கேட்கிறவர் பெரும்பாலும் அப்படி வாழ்வதால் எதையும் இழக்காத சாதியில் பிறந்தவர். அவருடைய பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் ஞாயிற்றுக்கிழமையும் செல்லும், திங்கட்கிழமையும் செல்லும். 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், அவர் ஞானஸ்நானம் பெற்றவர் என்பதைக் காட்டி எஸ்.சி. சான்றிதழ் மறுக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் சரியென்றது. நம்பிக்கை இல்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின்மீதான மோசடி என்றும் சொன்னது. சபையின் பதிவேடு அரசாங்கத்துக்குச் சாட்சியாகிறது, அந்தச் சபையின் உறுப்பினருக்கு எதிராக.

ஆனால் எங்களுக்கு 2024 தீர்ப்பைவிட 1985 தீர்ப்பு முக்கியமாகப் படுகிறது. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவரின் வழக்கு அது. ஆதிதிராவிடராகப் பிறந்து கிறித்தவரானவர். அட்டவணைச் சாதிச் செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்துத் தொழிலாளிகளுக்குக் கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. அதே நடைபாதை, அதே ஊசி, அதே தோல். உச்ச நீதிமன்றம் சூசையின் மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. அதனால் வரும் இழிவும் இன்னலும் புதிய மதச் சூழலிலும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று நிரூபிக்க வேண்டும், அதற்குப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்றது.

ஆதாரம் யார் கையில் இருக்கிறது? சபைகளின் கையில். தரங்கம்பாடி மிஷனின் ஆவணங்களில், வேப்பேரியிலிருந்து வெளியேறியவர்களின் கணக்கில், திருச்சி மேலப்புதூர் கல்லறையின் நடுவே நின்ற சுவரில், 2008 மார்ச்சில் ஏறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகள்மீது விழுந்த கற்களில். "எங்கள் சபையில் சாதி இல்லை" என்று ஒரு ஆயர் மேடையில் சொல்லும்போது அது சபையின் மானத்தைக் காப்பாற்றும் பேச்சாகத் தோன்றலாம். நீதிமன்றத்தில் அது சூசைக்கு எதிரான வாக்குமூலம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தில் சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. அது தாமதமான காரியம், ஆனாலும் நல்ல காரியம். அந்த ஒப்புதல் எத்தனை பங்குகளின் அறிவிப்புப் பலகைக்கு வந்தது என்பது வேறு கதை.

2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 1950 ஆணையின் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. நீக்கவில்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையம் அமைத்தது. இரண்டு ஆண்டு என்றார்கள், காலம் முடிந்தும் நீட்டித்தார்கள். ஆணையங்கள் வரும் போகும். அவற்றின் முன்னும் நீதிமன்றத்தின் முன்னும் வைக்க வேண்டியது சூசைக்குக் கிடைக்காமல்போன அந்த ஆதாரம்.

எனவே முகாம்களில் அந்தக் கேள்வியைக் கேட்கும் மாணவர்களுக்கு நாங்கள் ஒரு வேலை கொடுத்துவருகிறோம். உங்கள் பங்கில் கல்லறைத் தோட்டம் ஒன்றா இரண்டா, தேர்பவனி எந்தத் தெருவோடு திரும்புகிறது, கடந்த இருபது ஆண்டுகளில் பங்குப் பேரவைக்கு யார் யார் வந்தார்கள், பீடச் சிறுவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று எழுதி, தேதியும் படமும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாருங்கள் என்கிறோம். கையெழுத்து என்றதும் சிலர் பின்வாங்குகிறார்கள். அப்பாவுக்குச் சபைப் பள்ளியில் வேலை, அக்காவுக்குத் திருமணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், தனக்கே சான்றிதழ் சிக்கல். அவர்களை நாங்கள் வற்புறுத்துவதில்லை. சென்ற ஆண்டு பதினோரு பேர் கொண்டுவந்தார்கள். அவற்றில் இரண்டு, மேல்சாதிக் குடும்பத்துப் பிள்ளைகள் தங்கள் சொந்தப் பங்கைப் பற்றி எழுதியவை.